ஜிப்ஸிக்குள் பலேனோ இன்ஜின்: முதன்முறை இறங்குபவர்களுக்கு

பழைய மாருதி ஜிப்ஸியைச் சேற்று மேட்டில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். டயர் பிடிக்கிறது, நாலு சக்கரமும் சுற்றுகிறது, வண்டியும் லேசு. ஆனால் பாதி மேட்டிலேயே இன்ஜின் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஆஃப்ரோடு வட்டாரத்தில் “பலேனோ இன்ஜினை உட்கார வைத்தால் என்ன?” என்ற பேச்சு ஓய்வதே இல்லை. 1999 முதல் 2007 வரை மாருதி விற்ற பழைய பலேனோ செடானின் 1.6 லிட்டர் ஜி16பி இன்ஜினைத்தான் சொல்கிறேன். 2015-இல் வந்த ஹேட்ச்பேக் பலேனோவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ஜிப்ஸி என்று பாருங்கள். 1985-இல் வந்த முதல் ஜிப்ஸியில் 970 சிசி இன்ஜின், 45 குதிரைத்திறன், நாலு கியர். 1996-இல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1298 சிசி, கார்ப்பரேட்டருடன் 60 குதிரைத்திறன், ஐந்து கியர். 2000 வாக்கில் அதே 1298 சிசி, 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ. (கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்) ஆகி 80-க்கு வந்தது. பலேனோ இன்ஜின் 1590 சிசி, 94 குதிரைத்திறன்.

இந்த எண்களை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம். கார்ப்பரேட்டர் கிங் வைத்திருப்பவருக்கு 60-லிருந்து 94 என்பது பெரிய தாவல். பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு. எம்.பி.எஃப்.ஐ. வைத்திருப்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 14 குதிரைத்திறன்தான். டார்க் (சுழற்றும் விசை) கொஞ்சம் நன்றாகவே கூடும், காரணம் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்: ஜிப்ஸியின் 1.3 ஜி13-இல் 75.5 மில்லிமீட்டர், பலேனோவின் ஜி16-இல் 90. கீழ் ஆர்.பி.எம்.மில் இழுப்பது அந்தக் கூடுதல் தூரத்தால்தான். இருந்தாலும் உங்கள் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் தேய்ந்துபோய்ச் சோம்பலாக இருக்கிறது என்றால், அதையே பிரித்து ரிங், பேரிங், வால்வு வேலை பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. செலவும் குறைவு, தூக்கமும் கெடாது.

970 சிசி வண்டிக்காரர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அந்த இன்ஜின் வேறு குடும்பம். கியர்பாக்ஸும் சேர்ந்து மாற வேண்டிவரும். அந்தப் பணத்தில் ஒரு கிங்கையே தேடி வாங்கிவிடலாம். ஆகவே இனி எழுதுவதெல்லாம் 1.3 ஜிப்ஸிக்கு மட்டும்.

சட்டம்

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று அதே வகை இன்ஜினை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 1.3-ஐக் கழற்றிவிட்டு 1.6 போடுவது அந்தக் கணக்கில் வராது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்துவிடும்.

ஆகவே இந்த வேலை, லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மூடிய திடலிலோ தனியார் நிலத்திலோ ஓட்டும் போட்டி வண்டிக்கு மட்டும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் வண்டியில் கை வைக்காதீர்கள். போட்டி வண்டி என்றாலும், எந்தப் பிரிவில் எத்தனை சிசி வரை அனுமதி என்று அந்தப் போட்டியின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

வெளிநாட்டு வீடியோவை நம்பி இறங்காதீர்கள்

அமெரிக்காவில் ஜிப்ஸியின் உடன்பிறப்பு சுஸுகி சாமுராய். அதில் 1.6 இன்ஜின் போடுவது அங்கே சாதாரண வேலை. ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிட்டதாக வீடியோ போடுகிறார்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் எடுப்பது சைட்கிக், டிராக்கர் போன்ற ஜீப் ரக வண்டிகளின் இன்ஜின். அது ஜிப்ஸியில் இருப்பது போலவே நீளவாக்கில் உட்காரும் இன்ஜின். நமக்குக் கிடைக்கும் பலேனோ முன்சக்கர வண்டி. அதில் இன்ஜின் குறுக்குவாக்கில் படுத்திருக்கும். பிளாக் ஒரே ஜி குடும்பம் என்பதால் ஜிப்ஸி கியர்பாக்ஸோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி), மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடி), தண்ணீர் ஹோஸ் வாய்கள், த்ராட்டில் பார்க்கும் திசை, வயரிங் நீளம் எல்லாமே குறுக்கு வண்டிக்காகச் செய்தவை. நம் ஊரில் இந்த வேலை இழுப்பது இந்த இடத்தில்தான்.

இன்ஜின் வாங்குவது

சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம், டெல்லியில் மாயாபுரி என்று காயலாங்கடைகளுக்குப் பஞ்சமில்லை. முடிந்தால் தனி இன்ஜினாக வாங்காமல், இடிபட்ட முழு பலேனோவாகவே வாங்குங்கள். ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், முழு வயரிங் கிட்டும், இ.சி.யூ.வும் (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி), ரிலே பெட்டியும், எல்லா சென்சாரும் அறுபடாமல் கிடைக்கும். கடைக்காரர் கட்டிங் பிளேயரால் கிட்டை நறுக்கென்று வெட்டி இன்ஜினை மட்டும் தள்ளிக்கொண்டு வந்தால், மிச்சம் பிடித்த பணத்தைப் போல இரண்டு மடங்கு எலக்ட்ரீஷியனுக்குப் போகும். சாவியில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புச் சிப்) உள்ள வண்டி என்றால் சாவி, இம்மொபிலைசர் பெட்டி, இ.சி.யூ. மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒன்று மாறினாலும் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது.

வாங்கும் முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டரும் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ பக்கத்தில் இருந்தால் நல்ல இன்ஜின். 12-க்குக் கீழே போனாலோ, ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரல் வையுங்கள். டீ நிறத்தில் பசை ஒட்டினால் தண்ணீர் ஆயிலோடு கலந்திருக்கிறது.

பில் கட்டாயம் வாங்குங்கள். இன்ஜின் நம்பர் தேய்க்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவு என்றாலும் திரும்பி நடந்துவிடுங்கள். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) வாகன் சமன்வய் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழையதை இறக்கும் முன்

ஜிப்ஸி இன்ஜினைக் கழற்றுவதற்கு முன்பு அளவு எடுங்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) புல்லியின் மையம் சேஸிஸிலிருந்து எவ்வளவு உயரம், ரேடியேட்டருக்கு எவ்வளவு இடைவெளி, ஹெட் மூடிக்கும் பானெட்டுக்கும் எவ்வளவு, ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) எவ்வளவு. எல்லாவற்றையும் தாளில் குறித்து, போட்டோவும் எடுங்கள். ஒவ்வொரு ஹோஸுக்கும் வயருக்கும் மாஸ்கிங் டேப் சுற்றிப் பெயர் எழுதுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். இதைச் செய்யாதவர்கள் மூன்று வாரம் கழித்து ஒரு வயரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார்கள்.

ஜிப்ஸியில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். ஆகவே கியர்பாக்ஸை அதன் பழைய மவுண்டிலேயே விட்டுவிட்டால், பின்னால் உள்ள எந்த ஷாஃப்ட்டின் கோணமும் மாறாது. இந்தச் சலுகையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜினுக்கு இடம் வேண்டும் என்று கியர்பாக்ஸை ஓர் அங்குலம் பின்னால் தள்ளச் சொல்லும் மெக்கானிக்கிடம், குட்டி ஷாஃப்ட்டை யார் வெட்டி பேலன்ஸ் பார்த்துத் தருவார் என்று கேளுங்கள்.

வெளியில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

பலேனோ இன்ஜின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் முன் பின் ஆயில் சீல், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். உள்ளே போன பிறகு இதே வேலைக்கு நாலு மடங்கு நேரம்.

அடுத்தது கிளட்ச் பக்கம். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ஜிப்ஸி கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனை, கிராங்கின் பின்பக்கம் உள்ள பைலட் பேரிங்கில் போய் உட்கார வேண்டும். முன்சக்கர வண்டி இன்ஜினில் அந்த பேரிங் அதே அளவில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வெர்னியரால் இரண்டையும் அளந்து, தேவையானால் லேத்தில் புஷ் கடைந்து போடுங்கள். ஃபிளைவீல் போல்ட் எத்தனை, எந்த வட்டத்தில் என்று இரண்டு இன்ஜினையும் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். கியர்பாக்ஸ் ஜிப்ஸியுடையது என்பதால் கிளட்ச் பிளேட்டின் நடுப் பல் ஜிப்ஸியுடையதாக இருக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரின் பல்லும் ஃபிளைவீல் ரிங் கியரும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எல்லாம் மாட்டிய பிறகு, கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது கையால் தள்ளியே கடைசி வரை போக வேண்டும். கால் அங்குலம் மிச்சம் இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஸ்பானரைப் பிடுங்கி வையுங்கள். பெல்ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கியர்பாக்ஸ் முன்கூடு) காது உடைவது இப்படித்தான்.

சம்ப் அடுத்த தலைவலி. ஜிப்ஸியின் முன் ஆக்சில் இன்ஜினுக்கு அடியில்தான் ஏறி இறங்கும். பலேனோவுக்குக் கீழே அப்படி எதுவும் இல்லை என்பதால் அதன் சம்ப் வேறு வடிவம். ஜிப்ஸி சம்ப்பையும், அதன் ஆயில் உறிஞ்சு குழாயையும் சேர்த்தே மாற்றிப் பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் குழாய் ஆயிலைத் தொடாமல் காற்றை உறிஞ்சும், இன்ஜின் சில நிமிடத்தில் போய்விடும். மாற்றிய பின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். 90 மில்லிமீட்டர் கிராங்க் என்பதால் எடைத்துண்டு சம்ப்பின் உள்பக்கம் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். உறிஞ்சு குழாய்க்கும் சம்ப் அடிக்கும் உள்ள இடைவெளியை, பழைய இன்ஜினில் இருந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உட்கார வைப்பது

செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கி முதலில் கியர்பாக்ஸோடு சேருங்கள். மவுண்ட் அதற்குப் பிறகு. கியர்பாக்ஸ்தான் இன்ஜினின் இடத்தை முடிவு செய்கிறது. முன்பு குறித்த கிராங்க் புல்லி உயரத்துக்குக் கொண்டுவந்து, ஜாக்கி வைத்துத் தாங்கி நிறுத்துங்கள்.

இப்போது பானெட். ஜி16 பிளாக் உயரம் கூடியது. ஹெட் மூடி, மேனிஃபோல்ட் ஆகியவற்றின் மேல் சப்பாத்தி மாவு உருண்டைகளை வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதுதான் மிச்ச இடைவெளி. இன்ஜின் ஆட்டத்துக்கு விரல் தடிமனாவது வேண்டும். இல்லையென்றால் பானெட்டில் மேல்நோக்கிப் புடைப்பு வைப்பது நல்லது. இன்ஜினைக் கீழே இறக்கினால் ஆக்சில் வந்து சம்ப்பில் முட்டும். முன் ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது ஆக்சிலுக்கும் சம்ப்புக்கும் எவ்வளவு இடம் என்பதையும், பம்ப் ஸ்டாப்பரை (ஆக்சில் மேலேறுவதை நிறுத்தும் ரப்பர்) தொடும் வரை வண்டியை இறக்கி, இப்போதே பார்த்துவிடுங்கள்.

பலேனோவில் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் தொங்குவதெல்லாம் இப்போது ஃபயர்வாலைப் பார்க்கும். தண்ணீர் வாய், சென்சார் இவற்றுக்குக் கை நுழைய இடம் இருக்கிறதா? இல்லையென்றால் தண்ணீர் வாயை வெட்டித் திருப்பி அலுமினியம் வெல்டிங் செய்துகொள்ளலாம். ஃபயர்வாலைச் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளுவது பலரும் செய்வதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கேதான் வயரிங்கும் பிரேக் குழாயும் போகின்றன.

இடம் உறுதியானதும் ஜிப்ஸி மவுண்ட் ரப்பரையே வைத்து, பிளாக்கில் ஏற்கெனவே மரை உள்ள துளைகளைத் தேடி, பிராக்கெட் செய்யுங்கள். பிளாக்கில் புதிதாகத் துளை போட வேண்டாம். தகடு குறைந்தது 6 மில்லிமீட்டர். வண்டியில் வைத்துப் புள்ளி வெல்டிங் மட்டும். பிறகு கழற்றி வெளியே முழு வெல்டிங். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி டெர்மினலும் இ.சி.யூ. சாக்கெட்டும் கழன்றிருக்க வேண்டும்.

வயரிங்

பெரும்பாலான வண்டிகள் மாதக்கணக்கில் பட்டறை மூலையில் நிற்பது இதற்காகத்தான். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கிட்டை முதலில் மேஜையில் விரித்துப் போடுங்கள். இன்ஜினுக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு பவர் விண்டோ, சென்டர் லாக் வயர்களை உரித்து எடுங்கள். மிஞ்சுவது கொஞ்சம்தான்: பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், சாவி போட்டால் வரும் மின்சாரம், மெயின் ரிலே, பெட்ரோல் பம்ப் ரிலே, செக் இன்ஜின் விளக்கு, ஸ்கேனர் சாக்கெட், எர்த். எர்த்தைத்தான் எல்லோரும் அலட்சியமாக விடுகிறார்கள். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, சேஸிஸிலிருந்து பாடிக்கு ஒன்று, பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்கு ஒன்று, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில். செக் இன்ஜின் விளக்கு காரணமே இல்லாமல் எரிந்து அணைந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

ஜிப்ஸியின் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. பலேனோ இ.சி.யூ.வோ கியர்பாக்ஸிலிருந்து வேக சிக்னலை எதிர்பார்க்கிறது. அது வராவிட்டாலும் வண்டி ஓடும். ஆனால் கோளாறு கோட் விழும், கால் எடுத்து நிற்கும்போது ஐடிலிங் இறங்கி அணையலாம். கேபிளின் நடுவே மாட்டும் பல்ஸ் சென்சார் போட்டால் தீரும்.

இ.சி.யூ.வை டாஷ்போர்டுக்குக் கீழே எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள். ஓடையில் இறங்கும் வண்டியில் கால் மிதி வரை தண்ணீர் வருவது சகஜம். சாக்கெட் கீழ்நோக்கி இருக்கட்டும்; வயர் அதிலிருந்து ஒரு முறை தாழ்ந்து வளைந்து போனால், வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

பெட்ரோல், தண்ணீர், புகை

கார்ப்பரேட்டர் வண்டியின் பழைய பம்ப் இங்கே ஆகாது. இன்ஜெக்டருக்கு 2.5 முதல் 3 பார் வரை அழுத்தம் வேண்டும். எலக்ட்ரிக் பம்ப், அந்த அழுத்தத்துக்கான ஃபில்டர், டேங்குக்குத் திரும்பும் லைன் மூன்றும் தேவை. ஹோஸும் இன்ஜெக்ஷன் வண்டிக்கானதாகவே இருக்கட்டும். பழைய ஹோஸ் வெடித்தால் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டில் பீய்ச்சி அடிக்கும். தீயணைப்பு சிலிண்டர் ஒன்றை சீட்டுக்கு அருகில் மாட்டிவிட்டுத்தான் முதல் ஸ்டார்ட்.

பலேனோவின் வாட்டர் பம்ப் புல்லியில் ஃபேன் மாட்ட இடமில்லை. ஆகவே எலக்ட்ரிக் ஃபேன், தனி ரிலே, தனி ஃபியூஸ். சேற்றில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது காற்றே வராது என்பதால் ரேடியேட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். சைலன்சர் குழாய் பிரேக் லைனுக்கும் ஸ்டியரிங் ஷாஃப்ட்டுக்கும் ஒட்டிப் போகாமல் பார்த்து வளையுங்கள். ஆக்ஸிஜன் சென்சாருக்கான நட்டை முதலிலேயே வெல்டு செய்துவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

ஆயில், கூலன்ட் ஊற்றிய பிறகு பெட்ரோல் பம்ப் ரிலேயையும் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். அணையவில்லை என்றால் நிறுத்திவிட்டு உறிஞ்சு குழாயைச் சந்தேகப்படுங்கள். அணைந்தால் ரிலேயை மாட்டி, சாவியை மட்டும் போட்டு, ஒவ்வொரு பெட்ரோல் ஹோஸ் இணைப்பையும் டார்ச் அடித்துத் தடவிப் பாருங்கள். பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட். ஃபேன் தானாக ஓடி நிற்கும் வரை ஐடிலிங்கில் விட்டு, காற்று வெளியேறியதும் கூலன்ட் நிரப்புங்கள்.

ஓடுகிறது என்றதும் நேராகச் சேற்றுக்குப் போகாதீர்கள். பிரேக் இன்னும் பழைய சக்திக்கானது: முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பேட், ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் புதிதாக்கி, பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பெரிய டயரும் சேர்ந்தால் அடுத்து உடைவது முன் ஆக்சில் ஜாயின்ட்டோ பின் ஆக்சில் ஷாஃப்ட்டோதான். ஒரு ஸ்பேர் ஷாஃப்ட் வண்டியிலேயே இருக்கட்டும்.

முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் ஆறியதும் மவுண்ட் போல்ட், பெல்ஹவுசிங் போல்ட், ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். பிராக்கெட் வெல்டிங்கைத் துணியால் துடைத்து, முடி போல் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதன் மேலேயே இன்னொரு வெல்டிங் போடாமல், பிராக்கெட்டைக் கழற்றிக் குறுக்குத் தகடு வைத்துப் புதிதாகச் செய்யுங்கள்.